தட்டில் அடங்கிய மரபணுவும் டப்பாவில் கிடந்த மாத்திரையும்

1

ஊசி தேடித்தான் அந்த டப்பாவைத் திறந்தேன்.

வட்டமான நீல பிஸ்கட் டப்பா. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கி வருவோம். பிஸ்கட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், டப்பா அதன்பிறகு இருபது வருடம் ஊசி நூலுக்கு உழைக்கும். நெய்வேலியில் எந்த குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தாலும் தையல் மெஷின் பக்கத்தில் இதைப் பார்க்கலாம். என் அக்கா மல்லிகா, பிளாக்கில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அவளிடம் இல்லாமலா?

அவளுக்கு மார்பில் கட்டி எடுத்து அன்றோடு நாலு வருடம். திருவதிகை கோயிலுக்குப் போய்வருவதாக இரண்டு பேரும் வேண்டியிருந்தோம். அதற்காகவே ஜெர்மனியிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தேன். கிளம்புகிற நேரம் பார்த்து என் ஜாக்கெட்டில் ஒரு கொக்கி பிய்ந்துவிட்டது.

மூடியை நெம்பினேன். ஊசியும் இல்லை, நூலும் இல்லை. உள்ளே மாத்திரை அட்டைகள். ரப்பர் பேண்டு போட்டு, சீட்டுக்கட்டு மாதிரி ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை. பெயரைப் படித்தேன். கட்டி திரும்ப வராமலிருக்க அக்கா தினம் ஒன்று விழுங்க வேண்டிய மாத்திரை. எண்ணினேன், இருபத்தோரு அட்டை. அட்டைக்குப் பத்து. அதாவது ஏழு மாதம்.

காதுக்குள் குப்பென்று அடைத்துக்கொண்டது. விமானம் இறங்கும்போது அடைக்குமே, அப்படி.

அக்கா கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என்னாக்கா?"

திரும்பிப் பார்த்தாள். பிடிபட்டவளின் முகமாக இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சாவகாசமாகக் கொண்டை ஊசியைச் செருகிவிட்டுச் சொன்னாள்:

"அதுவா? நிறுத்திட்டேன்டி. நீதான சொன்ன."

2

நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்புதான் இங்கே வினையாகப் போயிற்று.

என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. கல்யாணமாகி அந்த நாட்டுக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் மண் வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனிக்காரன் செய்தவை. "அவன் மெஷினை அனுப்புனான், நாம பொண்ணை அனுப்புறோம். சரிக்குச் சரியாப் போச்சு" என்று வழியனுப்ப வந்த இடத்தில் மாமா சொன்னார். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அந்த இயந்திரத்தைத்தான் முப்பது வருடமாக ஓட்டுகிறார். அடுத்த வருடம் ரிட்டையர் ஆகிறார்.

அங்கே போனதும் முதலில் பறிபோனது என் பெயர். பாஸ்போர்ட்டில் பூங்கொடிக்குப் பின்னால் இருந்த அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி என்னை 'ஃப்ராவ் கோவிந்தசாமி' ஆக்கிவிட்டார்கள். ஃப்ராவ் என்றால் திருமதி. அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக மண் சுமந்து பெர்மனென்ட் ஆனவர். உயிரோடிருந்தவரை 'யோவ் கோயிந்தா' என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது வெள்ளைக்கார அதிகாரிகள் எழுந்து நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, 'வாருங்கள், திருமதி கோவிந்தசாமி' என்கிறார்கள். அப்பாவுக்கு மரியாதை இப்படிச் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறது.

பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கட்டடம் ஒன்றில் எனக்குக் கழுவுகூடத்தில் வேலை. விஞ்ஞானிகள் அழுக்காக்கும் கண்ணாடிப் பாட்டிலையெல்லாம் கழுவி, ஆளுயரப் பிரஷர் குக்கர் மாதிரி ஒன்றில் வைத்து ஆவியில் அவித்து, கிருமியில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் சரியாக அவிக்காவிட்டால் அந்தக் கட்டடத்தில் ஒரு செல்லும் வளராது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

பாஷை வந்த கதை தனி. முதல் வருடக் கிறிஸ்துமஸ் விருந்தில் பேராசிரியர் இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, 'நான் நிரம்பிவிட்டேன்' என்று சொன்னேன். அவர்கள் பேச்சில் அது குடித்து மட்டையானவன் சொல்வது. பழச்சாறு டம்ளரோடு நின்ற என்னை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அன்றைக்கு வெட்கப்பட்டிருந்தால் இன்றைக்கும் ஊமையாகத்தான் இருந்திருப்பேன். 'கேக்க வெக்கப்பட்டவ கெட்டுத்தான் தெரிஞ்சிக்குவா' என்பாள் எங்கள் அம்மா. ஆகவே கேட்டேன். பாட்டில் கொண்டுவந்து போடும் எவரையும் நான் சும்மா விட்டதில்லை. இதில் என்ன இருந்தது, எதற்கு வைத்திருந்தாய், என்ன ஆயிற்று?

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு யூலியா பழக்கமானாள்.

3

யூலியா முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். இருபத்தெட்டு வயது. ஒரு நாள் என் அக்காவுக்கு வந்த நோயைச் சொன்னேன். கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டு, "அதைத்தான் நான் பார்க்கிறேன், பூங்கோ" என்றாள். என் பெயரில் பாதிதான் அவள் வாயில் நுழையும்.

அவள் எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். மாதவிலக்கு நின்றபிறகு சினைப்பை கடையை மூடிவிடுகிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் நின்றுபோவதில்லை. உடம்பின் கொழுப்பிலும், சில சமயம் கட்டிக்குள்ளேயும், சின்னச் சின்னப் பட்டறைகள் நடக்கின்றன. இரத்தத்தில் வரும் வேறொரு ஹார்மோனைப் பிடித்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிற நொதி அங்கே இருக்கிறது. அரோமடேஸ் என்று பெயர். அக்காவுக்கு வந்தது ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளருகிற வகைக் கட்டி. அதனால்தான் அந்த மாத்திரை. அது போய் நொதியின் வாயில் துணி அடைத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தினமும் ஒன்று போட்டால்தான் தினமும் அடைத்திருக்கும்.

யூலியா பார்ப்பது அதற்கும் மேலே உள்ள படி. நொதியைச் செய்யச் சொல்லும் உத்தரவு மரபணுவில் இருக்கிறது. செல் அந்த உத்தரவை நகல் எடுக்கும். நகலைப் பார்த்து நொதியைச் செய்யும். நகல் குறைந்தால் நொதி குறையும். ஒருவகை விதையில் இருக்கும் புரதத்தின் துண்டு ஒன்று, பெப்டைடு என்கிறார்கள், அதை மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் வளரும் தட்டில் விட்டு, நகல் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறாள். அந்தச் செல்கள் எப்போதோ ஏதோ ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்தவை. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் தட்டில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. முதல் தடவை இதைக் கேட்டபோது தட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். யூலியா சிரிக்கவில்லை.

போன வருடம் ஒரு காலையில் அவள் ஓடிவந்தாள். ஆவி பறக்கிற கூடத்தில் நின்றுகொண்டு, "பூங்கோ, அடங்கிவிட்டது! அந்த மரபணு அடங்கிவிட்டது!" என்று கத்தினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டோம். என் ரப்பர் கையுறை அவள் முதுகை நனைத்தது. அப்புறம் அவள் இன்னொன்றும் சொன்னாள். "ஒரே ஒரு தடவைதான். ஒரே ஒரு வகைச் செல்தான். இன்னும் திரும்பச் செய்ய வேண்டும்."

அது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. நல்ல செய்தியைச் சுமந்துகொண்டு ஓடுகிறவளுக்கு வாலில் கட்டிய எச்சரிக்கை பாரமாக இருந்தது. வழியில் கழற்றிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். இன்னும் அது போனில் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன்னால் மறுபடி போட்டுக் கேட்டேன்:

"அக்கா! உன் மாத்திரை செய்யுற வேலைய வேரோட செய்யுற ஒண்ணு வந்துடுச்சிக்கா! எங்க லேப்லயே! வெதையில இருக்குறதுதான், சோயா மாதிரி. கேன்சர் செல்லு அப்படியே அடங்கிப் போயிடுச்சி. இனிமே நீ கவலையே படாத!"

நாற்பது விநாடி. அதில் எத்தனை பொய் என்று இப்போது எண்ண முடிகிறது. எதுவும் வந்துவிடவில்லை. செல் அடங்கவில்லை, செல்லுக்குள் ஒரே ஒரு மரபணுதான் குரலைத் தாழ்த்தியது. கவலைப்படாதே என்று சொல்ல நான் யார்? இத்தனைக்கும் ஒரு வார்த்தைகூட நான் வேண்டுமென்று பொய்யாகச் சொல்லவில்லை. பாசம் பேசியது. பாசத்துக்கு நாக்கு நீளம்.

4

கோயிலுக்குப் போகவில்லை. தலையில் பூவோடு அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"மாமாவுக்குத் தெரியாதா?"

"அவரு மாசாமாசம் ஆஸ்பத்திரியில வாங்கியாந்து குடுப்பாரு. போட்டியான்னு கேப்பாரு. போட்டேம்பேன். அவருக்கு ஷிப்டு, தூக்கம், ஷிப்டு. என் வாயத் தெறந்தா பாத்துகினு இருக்காரு?"

"ஏன்க்கா இப்படிப் பண்ண?"

"ஏன்னா? வெரலக் காட்டுறேன் பாரு." விரித்து மடக்கிக் காட்டினாள். "இப்ப மடங்குது. அந்த மாத்திரை போட்டுகினு இருந்தப்ப, காலையில எழுந்தா ஒரு மணி நேரம் கட்டை மாதிரி நிக்கும். ஊசியில நூலு கோக்க முடியாது. ஸ்கூட்டி பிரேக்கு புடிக்க முடியாது. ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவ, எனக்குக் கொக்கி மாட்ட உங்க மாமாவக் கூப்புடுவேன். லாரி லாரியா மண்ண வாருற மனுசன், கொக்கி மாட்டுனா ஒண்ணு மேல போவும், ஒண்ணு கீழ போவும். நிறுத்துன ரெண்டு மாசத்துல வெரலு எனக்குத் திரும்ப வந்துச்சிடி. தீவாளிக்கு அறுவது ஜாக்கெட் தச்சேன்."

நாலு வருடமாக வாரம் இரண்டு தடவை பேசுகிறோம். விரல் வலிக்கிறது என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

"அதுக்காவ? மாத்திரைய நிறுத்துனா கட்டி திரும்ப வரும்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்டி. அதனாலதான் மூணு வருசம் பல்லக் கடிச்சிகினு போட்டேன். அப்பறம் நீதான் சொன்ன, அத விட நல்லது வந்துடுச்சின்னு. வந்தவன் வந்துட்டான்னா பழைய ஆளு எதுக்கு இன்னும் சீட்டுல ஒக்காந்துகினு இருக்கணும்? எறக்கி விட்டேன். தெனம் ஒரு கிண்ணம் சோயா அவிச்சித் தின்னுகினு இருக்கேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். சுரங்கத்தில் இயந்திரத்தில் ஏறினவர், அடுத்த ஷிப்டுக்காரர் வந்தால்தான் இறங்கலாம். அப்படி வந்து மாற்றிவிடுகிறவருக்கு ரிலீவர் என்று பெயர். அவர் வராவிட்டால் பசித்தாலும் தூங்கி விழுந்தாலும் அங்கேயே. முப்பது வருடமாக அக்காவின் உலை இந்த ரிலீவரை வைத்துத்தான் ஏறுகிறது. மாமாவுக்குப் போன் போட்டால் அவள் முதல் கேள்வி, 'ரிலீவர் வந்தாச்சா?' வந்தாச்சு என்றால் அரிசியைப் போடுவாள். அந்த ஒரு சொல்லை நம்பி வாழ்ந்தவளிடம் நான் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மனியில் விடிந்து லேப் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருந்து, ஒன்றரை மணிக்கு யூலியாவைக் கூப்பிட்டேன். அக்கா, "ஸ்பீக்கர்ல போடு" என்றாள். ஒரு சொல் புரியாது, ஆனாலும் போடச் சொன்னாள்.

நடந்ததை யூலியாவிடம் சொன்னேன்.

"எத்தனை மாதம்?" என்றாள்.

"ஏழு."

"பூங்கோ, முதலில் பார்த்த வகைச் செல்லில் திரும்பத் திரும்பச் செய்தேன். நகல் குறையத்தான் செய்கிறது. ஆனால் இரண்டாவது வகைச் செல்லில், அதே பெப்டைடு, அதே அளவு, அங்கே கூடுகிறது."

"கூடுகிறது என்றால்?"

"அந்த மரபணுவுக்கு ஒரே ஒரு சுவிட்ச் இல்லை, பல சுவிட்ச். எந்த செல்லில் எது போடப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தது. உன் அக்கா உடம்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"அவள் சோயா சாப்பிடுகிறாள்."

"தட்டுக்கு வயிறு கிடையாது. உன் அக்காவுக்கு உண்டு. சாப்பிட்டதில் பெரும்பகுதி செரித்துப் போயிருக்கும். அது மாத்திரைக்கு மாற்று இல்லவே இல்லை. உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நான் அன்றைக்கு அங்கே வந்து கத்தியிருக்கக் கூடாது."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாடி சொல்லுது அந்தப் பொண்ணு? ஒன் மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி ஆவுது?"

சொன்னேன். ஒன்றில் இறங்குகிறது, இன்னொன்றில் ஏறுகிறது, உனக்கு எது என்று தெரியாது. அக்கா தலையிலிருந்து பூவை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். எதற்கு எடுத்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

காலை ஷிப்டு முடிந்து மாமா வந்தபோது மணி இரண்டரை. கோயிலுக்குப் போய்வந்த கதையைக் கேட்க வந்தவர் எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் டப்பாவை நீட்டினேன். அவர் மாசாமாசம் வரிசையில் நின்று வாங்கி வந்த அட்டைகள். ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ரிலீவர் வந்துட்டான்னு நெனச்சேங்க" என்றாள் அக்கா.

மாமா கத்துவார் என்று நினைத்தேன். அவர் சின்னக் குரலில்தான் பேசினார்.

"ரிலீவர் வூட்டுல பல்லு வெளக்கிகினு இருந்தா போதுமா மல்லிகா? வரணும். வந்து, மேல ஏறி, மெஷினச் சுத்திப் பாத்து, புக்குல கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிகினு ஒக்காந்துருக்கேன். முப்பது வருசம். ஒனக்குத் தெரியாதா?" அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு மாசமா ஆளே இல்லாம ஓடிகினு இருந்துருக்கு மெஷினு."

அப்புறம் என்னைப் பார்த்து, "ஒன்னச் சொல்லிக் குத்தம் இல்லம்மா" என்றார். அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

5

என் மகள் கயலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயது. மருந்தியல் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். அப்படியே பழகிவிட்டது எங்களுக்கு. ஊருக்கு வரக் கூப்பிட்டேன், பரீட்சை என்றாள். பரீட்சை இல்லாத மாதத்திலும் பரீட்சை என்றுதான் சொல்லுவாள்.

அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வழக்கமாக நான் பேசும்போது பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றது. அப்புறம், அபூர்வமாக, தமிழில் பேசினாள்.

"பெரியம்மாவக் கொல்லப் பாத்தியா?"

அவளிடம் இருக்கிற தமிழ் நான் கொடுத்தது. நான் கொடுத்ததெல்லாம் சோறு ஊட்டும்போது கொஞ்சியதும், கோபத்தில் திட்டியதும்தான். நடுவாந்தரத்துக்கு அவளிடம் சொல்லே கிடையாது. ஜெர்மனில் சொல்லியிருந்தால் நாசூக்காகச் சொல்லியிருப்பாள்: 'தகவலைச் சரிபார்க்காமல் பகிர்ந்திருக்கிறாய், அம்மா' என்று. தமிழில் அவளுக்கு இதுதான் வந்தது. இதுதான் சரியாகவும் இருந்தது.

"வாட்ஸ்அப்ல வரத நம்பாதன்னு எனக்கு நீதான சொல்லுவ" என்றாள் மறுபடி. "இப்ப நீயேதான் அந்த வாட்ஸ்அப்."

6

மறுநாளே புதுச்சேரிக்குக் கிளம்பினோம். அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்து வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா அங்கேதான் இருக்கிறார். மாமா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். பண்ருட்டி தாண்டி மேல்பட்டாம்பாக்கம்வரை மாமாவும் நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தோம். அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது அக்காதான் பேசினாள். "செத்த வூட்டுக்குப் போற மாதிரி வரீங்களே ரெண்டு பேரும். நான் இன்னும் இருக்கேன். எனக்கு சக்கரை கம்மியா சொல்லுங்க."

தொட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். முடிவு தெரிய மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அக்கா தைத்துக்கொண்டே இருந்தாள். மெஷின் சத்தம் நின்றால் எனக்குப் பயம், ஓடினாலும் பயம்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா பேப்பரைப் புரட்டிவிட்டு, "இப்போதைக்கு எங்கேயும் எதுவும் தெரியலம்மா" என்றார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். அக்கா சிரித்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? ஏழு மாசம் போடல. ஒண்ணும் ஆவல. அப்பறம் எதுக்குடி அந்தச் சனியன்?"

மூன்று நாளும் கெட்ட செய்திக்குப் பயந்து கிடந்தேன். நல்ல செய்தி இப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று எடுத்துச் சொல்ல அங்கே எனக்கென்ன தகுதி?

டாக்டரம்மா கோபப்படவில்லை. "படத்துல தெரியுற அளவுக்கு வளந்தாத்தான்ம்மா படத்துல தெரியும். தெரியாததுக்குத்தான் மாத்திரை. இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னா, அது நாளைக்கும் சேத்து எழுதிக் குடுத்த பத்திரம் இல்ல."

"அப்ப என் கையி?" அக்காவின் குரல் உயர்ந்துவிட்டது. "எல்லாரும் சேந்து என்ன உசுரோட வெச்சிக்கணும்னு பாக்குறீங்க. சரி, இருக்கேன். கையில்லாம எப்புடி இருக்கறது? தைக்க முடியல. கொக்கி மாட்ட முடியல. ஒரு பொம்பள தன் ஜாக்கெட்டத் தான் போட்டுக்க முடியாம எத்தினி வருசம் இருப்பா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "விரல் வலின்னு எங்கிட்ட ஒரு தடவைகூட நீங்க சொன்னதில்லையே?"

"நீங்க 'எப்படிம்மா இருக்கீங்க'ன்னு கேப்பீங்க. நல்லா இருக்கேங்கன்னுதான சொல்லணும்? வெளிய அத்தினி பேரு ஒக்காந்துருக்காங்க. அவங்க முன்னாடி வெரலு வலிக்குதுன்னு சொல்ல வெக்கமா இருக்காதா?"

நல்லா இருக்கேங்க. எங்கள் பக்கத்தில் அதைத் தவிர வேறு பதில் யார் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? கால் உடைந்து கட்டுப்போட்டவரைப் பார்க்கப் போனாலும் 'நல்லா இருக்கேன், நீங்க எப்படி' என்றுதான் சொல்லுவார். நானும் ஜெர்மனியிலிருந்து வாரம் இரண்டு தடவை அதைத்தான் கேட்டேன், அதைத்தான் வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதினார். அதே நொதியைத்தான் இதுவும் அடைக்கும், ஆனால் வேறு வகை. சிலருக்கு இதில் வலி குறைவு. எலும்புக்கு ஒரு மாத்திரை, தினம் நடை, காலையில் வெந்நீரில் விரல் பயிற்சி.

"இதுல வலி வராதா?" என்றாள் அக்கா.

"வரலாம். வந்தா எனக்கு போன் பண்ணுங்க, இன்னொண்ணு பாக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க."

"வலிக்கும்னு தெரிஞ்சே குடுக்குறீங்களா?"

"ஆமாம்மா. தெரிஞ்சேதான்."

அக்கா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "இப்பத்தான் ஒருத்தரு எங்கிட்ட நெசத்தச் சொல்றாங்க" என்று சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். போடுவதாகச் சொல்லவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

7

இன்னும் இரண்டு வாரமாவது அக்காவோடு இருந்துவிட நினைத்தேன். கழுவுகூடத்தில் லீவு கொடுத்துவிட்டார்கள். என்னைத் தடுத்தது ஓர் அட்டை. பழைய பாஸ்போர்ட் முடிந்து புதியது எடுத்திருக்கிறேன். என் குடியிருப்பு அட்டையில் இருப்பது பழைய பாஸ்போர்ட்டின் எண். அதை மாற்றிக்கொள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு வாங்கிய நேரம் அடுத்த திங்கள் காலை எட்டே கால். தவறினால் அடுத்த நேரம் நாலு மாதம் கழித்து. என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். பதில் உடனே வந்தது, மிக மரியாதையாக: 'மதிப்புக்குரிய திருமதி கோவிந்தசாமி, தங்கள் சகோதரி விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம். நேரத்தை மாற்ற இயலாது.'

ஆக, அக்கா அந்த மாத்திரையைப் போடுவாளா என்று தெரியாமலேயே விமானம் ஏறினேன். இருந்தவரை அவள் போட்டாள், என் எதிரிலேயே. ஆனால் எதிரில் போடுவதைப் பற்றி எனக்கு இப்போது என்ன நம்பிக்கை இருக்க முடியும்? மாமா எதிரிலும்தான் போட்டேன் என்றாள்.

திங்கட்கிழமை எட்டே காலுக்குப் போய் நின்றேன். அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு படத்தையும் பார்த்து, என்னையும் பார்த்தார். "இது நீங்கள்தானா?" என்றார். பத்து நாளில் அவ்வளவு மாறியிருந்தேனோ என்னவோ.

லேபில் யூலியா எனக்காகக் காத்திருந்தாள். அவளுடைய கட்டுரையில் இரண்டு வகைச் செல்லும் வருகின்றன. இறங்கியதும் வருகிறது, ஏறியதும் வருகிறது. "ஏறியதை ஏன் போடுகிறாய், உனக்கு அது குறையில்லையா?" என்று கேட்டேன். "அதுதான் முக்கியமான முடிவு" என்றாள். பட்டம் வாங்கப் போகிற அந்தப் பெண் சொன்னது எனக்குப் புரிய ஓர் அக்கா தேவைப்பட்டிருக்கிறாள்.

இப்போது தினமும் என் சாப்பாட்டு இடைவேளையில் அக்காவைக் கூப்பிடுகிறேன். அங்கே அப்போது சாயங்காலம். எப்படி இருக்கே என்று கேட்பதை விட்டுவிட்டேன். பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. நாக்கு பழக்கத்தில் அங்கேதான் போகிறது, பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. நேற்றுப் பேசியதை எழுதி முடித்துக்கொள்கிறேன்.

"வெரலு?" என்றேன்.

"காலையில கட்டையா நின்னுச்சி. முக்கா மணி நேரம்."

"பழைய மாத்திரையில ஒரு மணி நேரம்னியே."

"ஆமா. கா மணி கொறஞ்சிருக்கு. அதுக்கு ஒங்க லேப்ல மேளம் அடிப்பீங்களா?"

"வலிக்குதாக்கா?"

மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது.

"வலிக்குதுடி" என்றாள். "நல்லா வலிக்குது. நேத்து ரெண்டு ஜாக்கெட்டத் திருப்பி அனுப்பிட்டேன், முடியாதுன்னு."

நாலு வருடத்தில் முதல் தடவையாகப் போனில் அவள் வாயிலிருந்து அது வந்தது. என் கண் நிறைந்துவிட்டது. பயத்திலா, நிம்மதியிலா என்று எனக்கே பிடிபடவில்லை. வலிக்கிறது என்றால் போடுகிறாள்.

"டாக்டரம்மாவுக்கு போன் பண்ணியா?"

"பண்ணேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்னா, முழுங்கிகினுதான் இருக்கேன். அழுதுகினே முழுங்குறேன். போதுமா? வெய்யி, வெளிய யாரோ துணி எடுத்துகினு வந்துருக்காங்க."

போனை வைக்கவில்லை அவள். கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வாசலில் யாரோ கேட்பது எனக்குக் கேட்டது: "எப்படிக்கா இருக்க?"

அக்கா சொன்னாள்: "கையி வலிக்குதும்மா. பத்து நாளு ஆவும், பரவால்லியா?"